இருபது லிங்க்ஸ் வாய்க்கால்: எந்தச் சங்கிலி?

கடைமடை மேலூர்:
நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பெரியாறு பாசனப் பகுதிக்கு இனி எஃப்.எம்.பி. (நிலத்தை அளந்து வரைந்த புலப்படம்) எதற்கு? செல்போனில் நிலமும் வாய்க்காலும் பளிச்சென்று தெரிகிறது, கோடு போட்டால் முடிந்தது" என்கிறார். எங்கள் ஊரில் வாய்க்காலை ஒட்டி நிலம் வாங்கியவரும் அப்படித்தான் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து கல் ஊன்றினார். பழைய புலப்படத்தில் வாய்க்கால் அகலம் 20 லிங்க்ஸ், அதாவது 4 மீட்டர். இப்போது அங்கே மண்வெட்டி அகலத்துக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது. என் கேள்வி ஒன்றுதான்: அதற்குக் கீழே உள்ள எங்கள் நிலம் ஆயக்கட்டில், அதாவது கால்வாய்ப் பாசனம் பெறும் பரப்பில், சேர்ந்ததா என்று எந்தப் பதிவேட்டில் பார்ப்பது?

பழைய சங்கிலி:
தம்பி, 20 லிங்க்ஸ் 4 மீட்டர் இல்லை. பழைய புலப்படம் என்று நீயே சொல்கிறாய். அந்தக் காலத்து நில அளவைச் சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 7.92 அங்குலம். ஆக 4.02 மீட்டர். லிங்குக்கு 20 செ.மீ. என்பதெல்லாம் மீட்டர் சங்கிலி வந்த பிறகு. வெயிலில் சங்கிலி இழுத்தே தலை நரைத்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்.

வானத்துக் கண்:
அந்த "ஒருவர்" நான்தான். போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன். எஃப்.எம்.பி. மேல் இவ்வளவு பக்தி ஆகாது. 1979இல் ஆரம்பித்த யூ.டி.ஆரில், அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த வேலையில், ஒருத்தன் நிலம் இன்னொருத்தன் பெயரில் ஏறி, இன்றைக்கும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். செயற்கைக்கோளுக்கு மாமன் மச்சான் கிடையாது. இருப்பதைக் காட்டும்.

பழைய சங்கிலி:
பெயர் தப்பு வேறு, அளவுத் தப்பு வேறு. மூலைக்கு மூலை கோடு இழுத்து, அதிலிருந்து செங்குத்தாக ஆஃப்செட் எடுத்துப் போட்ட படம் அது. கல்லைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டாலும் அந்த அளவை வைத்துக் கல் இருந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கலாம். உங்கள் போன் வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளாடும். வாய்க்காலே 4 மீட்டர்தானே ஐயா!

வானத்துக் கண்:
பார்த்தீர்களா, அவரே 4 என்று சொல்லிவிட்டார்.

பழைய சங்கிலி:
4.02. பேச்சுக்குச் சொன்னேன்.

மதகுப்பலகை:
கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 2.3 செ.மீ. வாய்க்கால் 500 மீட்டர் நீளம் என்றால் 11.7 சதுர மீட்டர், கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. இதற்காகவா இத்தனை பதிவு?

பழைய சங்கிலி:
கால் சென்ட் சும்மா வருமா? ஒத்தக்கடைப் பக்கம் கால் சென்ட் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். ஆயிரம் சதுர லிங்க்ஸ்தான் ஒரு சென்ட். அந்த லிங்க் பழைய லிங்க். 7.92 அங்குலம். இது தெரியாமல் மீட்டர் டேப்பை எடுத்து வருகிறவர்கள்தான் ஊரைக் கெடுத்தது.

கள்ளந்திரிக்கு மேலே:
மேலூர்க்காரர்களுக்குத் தண்ணீர் வராவிட்டால் எப்போதும் யாராவது ஒருவர் மேல் பழி போட வேண்டும். போன வருடம் நாங்கள், இந்த வருடம் செல்போன்.

கடைமடை மேலூர்:
ஏன் சொல்ல மாட்டீர்கள் அண்ணே? பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர், உங்களுக்கு இருபோகம். எங்கள் மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர், ஒருபோகம். அதுவும் அணை நிலவரத்தைப் பார்த்து, நாள் எண்ணி, முறை வைத்து. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டித் தண்ணீரைக் கிழக்கே திருப்பியது உங்களுக்கு மட்டும்தானா?

கள்ளந்திரிக்கு மேலே:
திருமங்கலம் கால்வாயின் 19,439 ஏக்கரை விட்டுவிட்டீர்களே. அவர்கள் வாயில்லாப் பூச்சிகளா? ஒருபோகம் மொத்தம் 1,05,002. பாதிக் கணக்கைச் சொல்லி அழக்கூடாது.

வாடிப்பட்டி மருமகள்:
முதலில் கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கிராம அ-பதிவேட்டை எடுங்கள். புல எண், பழைய புல எண், நஞ்சையா புஞ்சையா, ஒருபோகமா இருபோகமா, பாசன ஆதாரம் எது என்று தனித்தனிப் பத்தி இருக்கும். என்ன பயிர் வைத்தீர்கள் என்பது அடங்கலில் இருக்கும். இன்னொன்று, வாய்க்கால் புறம்போக்குக்குத் தனிப் புல எண் இருக்கும். ஆனால் பட்டா நிலத்துக்குள் ஓடும் சின்ன வாய்க்கால் பல இடத்தில் தனி எண் இல்லாமலே கிடக்கும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

பழைய சங்கிலி:
அ-பதிவேட்டில் பரப்பு இருக்கும் தாயி, அகலம் இருக்காது. அகலம் புலப்படத்தில். நாம் பேசுவது அகலம்.

வாடிப்பட்டி மருமகள்:
அவர் கேட்டது அகலம் இல்லை ஐயா.

பழைய சங்கிலி:
20 லிங்க்ஸ் என்று எழுதியது நானா, அவரா?

வானத்துக் கண்:
பதிவேடு, புலப்படம் என்று அடுக்குகிறீர்களே, மதுரை உலகனேரிக் கண்மாயும் பதிவேட்டில் கண்மாய்தான். அங்கே 2004இல் உயர்நீதிமன்றக் கிளையே வந்துவிட்டது. அப்போது எந்தச் சங்கிலி போய்த் தடுத்தது?

மதகுப்பலகை:
அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? கண்மாய்க்கு 2007 சட்டம் இருக்கிறது, அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை எடுக்கலாம். இங்கே பேச்சு ஒரு கிளை வாய்க்கால்.

பழைய சங்கிலி:
அவர் இழுப்பார். உண்மை என்னவென்றால் இந்த வானத்துக் கண் யாரென்று எனக்குத் தெரியும். என் தங்கச்சி மாப்பிள்ளை. பாகம் பிரித்தபோது வரப்பை நான் அளந்ததில் இவருக்கு நாலு சென்ட் குறைந்துவிட்டதாம். பேரன் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. அன்றைக்குப் பிடித்த கோபம்தான் இன்றைக்கு எஃப்.எம்.பி. மேல் திரும்பியிருக்கிறது.

வானத்துக் கண்:
மச்சான், பொது இடத்தில் குடும்பக் கதை வேண்டாம். பத்திரிகையை ஆள் மூலம் கொடுத்துவிட்டால் யார் வருவார்கள்? அப்புறம், குறைந்தது நாலு இல்லை, நாலரை சென்ட்.

பழைய சங்கிலி:
எந்த அளவில் நாலரை? போனிலா?

கள்ளந்திரிக்கு மேலே:
நல்லா இருக்கு. இந்தக் குடும்பத்துச் சண்டைக்குத்தான் எங்கள் இருபோகத்தையும் சேர்த்துத் திட்டினீர்களா?

கடைமடை மேலூர்:
அக்கா சொன்னபடி அ-பதிவேடு நகல் வாங்கிவிட்டேன். நஞ்சை என்று இருக்கிறது. பாசன ஆதாரம் இருக்கும் பத்தியில் மை கலைந்து பாதிதான் தெரிகிறது. படம் எடுத்துப் போடட்டுமா?

பழைய சங்கிலி:
அதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. புலப்படத்தைப் போடு. அகலத்தைப் பார்த்துவிடுவோம்.