டிஸ்லெக்சியா உள்ள பெரியவங்களுக்கு சாளை மீன் உதவுமா? அனுபவப் பகிர்வு

உவரிக் கரை:
சாளை தின்னா எழுத்து கூடி வந்துருமான்னு கேக்காங்க. வராது. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கிற விதத்துலதான் டிஸ்லெக்சியா இருக்கு; தீனியில அது போகாது. ஆனா 2007ல வந்த இங்கிலாந்து ஆய்வு ஒண்ணு கவனிக்க வேண்டியது. டிஸ்லெக்சியா உள்ள 32 பெரியவங்களோட ரத்தச் சிவப்பணுச் சவ்வுல, மீன்ல நெறைய இருக்க ஒமேகா-3 கொழுப்பு மத்தவங்களை விடக் குறையல. ஆனா அவங்களுக்குள்ளேயே, ஒமேகா-3ஐ விட, சமையல் எண்ணெயில வர்ற ஒமேகா-6 கொழுப்பு ஓங்கியிருந்தவங்க வாசிப்புல பின்தங்கினாங்க. தொடர்பு மட்டும்தான், அதுதான் காரணம்னு சொல்ல முடியாது.

பாளை அடுப்பு:
அண்ணாச்சி சொல்லுத விகிதம் கெடுறது மீன்ல இல்ல, வாணலியில. 100 கிராம் சாளையில இ.பி.ஏ., டி.எச்.ஏ.ன்னு ரெண்டு வகை ஒமேகா-3யும் சேந்து 1 கிராம் பக்கம் வரும், பருவத்துக்கு ஏத்தாப்ல கூடும் குறையும். அதை சூரியகாந்தி எண்ணெயில முறுகப் பொரிச்சா மீனோட கொழுப்பு எண்ணெய்க்குப் போவும், எண்ணெயில பாதிக்கு மேல இருக்க ஒமேகா-6 மீனுக்குள்ள ஏறும். புளியும் தேங்காயும் அரைச்சு ஊத்தி, குழம்பு நல்லா கொதிச்ச பொறவு மீனைப் போட்டு, பத்து நிமிசத்துல இறக்கிருங்க. கரண்டி போட்டுக் கிண்டாம சட்டியைச் சுத்தி விட்டாப் போதும். வாரத்துக்கு ரெண்டு நாள்.

சொதிப் பிரியை:
சைவக்காரங்க ஆளிவிதையை மட்டும் நம்பாதீங்க. அதுல இருக்க ஒமேகா-3 உடம்புல டி.எச்.ஏ.வா மாறுறது ரொம்பக் கம்மி. பாசி எண்ணெய் மாத்திரைதான் நேர் வழி.

மருந்துக்கடை அனுபவம்:
மீன் எண்ணெய் மாத்திரை அட்டையில 1000 மி.கி.ன்னு போட்டிருக்கும், அது மொத்த எண்ணெய். பின்னால பாருங்க, பல மாத்திரையில இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி.தான். நம்ம ஊர் வெயில்ல எண்ணெய் கெட்டுப் போயிரும். ஒண்ணை ஊசியால குத்தி மோந்து பாருங்க, காறல் வாடை வந்தா வேண்டாம். மீன் ஈரல் எண்ணெய் வேற சரக்கு, வைட்டமின் ஏ ஏறும், கர்ப்பிணிங்க தொடக்கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுதவங்களும், இதயம் படபடக்குறவங்களும் டாக்டரைக் கேட்ட பொறவுதான்.

உவரிக் கரை:
சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள். அதனால மீனோ மாத்திரையோ ஆரம்பிச்சு மூணு நாலு மாசத்துக்கு முன்ன ஒண்ணும் சொல்ல முடியாது. பிள்ளைங்ககிட்ட 2012ல பலன் தெரிஞ்ச பாசி எண்ணெய் சோதனையை 2018ல திரும்பச் செஞ்சப்ப பலன் கிடைக்கல, அதையும் மனசுல வைங்க. வாசிப்புப் பயிற்சியை நிறுத்தாதீங்க. வேகம் அளக்கணும்னா ஒவ்வொரு தடவையும் புதுப் பத்தி குடுங்க. பழைய பத்தின்னா மனப்பாடத்துல ஓடிரும். கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ, போ’ எழுத்துலயும், ‘ல, ள, ழ’விலயும் எத்தனை தடவை நிக்காங்கன்னு தனியாக் குறிச்சு வைங்க.