ஈபி போனபின் ஷார்ட் ஆனால் ஃபீடர் ரிலே பிரிப்பதில்லை, ஏன்?

கடலோரன்:
முட்டம் பக்கம் ஓர் ஐஸ் ஆலை. 11 கேவி/433 வோல்ட், 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 4.5%. கூரையில் 60 கிலோவாட் சோலார், 100 கேவிஏ பேட்டரி இன்வெர்ட்டர், 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். கம்ப்ரஸர் ஃபீடர் (கம்ப்ரஸருக்குக் கரன்ட் போகும் லைன்) ரிலே, அதாவது ஷார்ட் ஆனால் பிரேக்கரைப் பிரிக்கும் கருவி: பிக்கப் (ரிலே கணக்கெடுக்கத் தொடங்கும் கரன்ட்) 120 ஆம்ப், டிஎம்எஸ் (நேரப் பெருக்கி) 0.1, ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் (கரன்ட் கூடக் கூட நேரம் குறையும் வளைவு), உடனடி டிரிப் 1600 ஆம்ப். ஈபி இருக்கும்போது சரியாகப் பிரிகிறது. ஆடிக் காற்றில் ஈபி போய், இரவில் பேட்டரியில் ஓடும்போது ஷார்ட் ஆனால் ரிலே அசைவதில்லை. இன்வெர்ட்டர் நின்று ஆலையே இருட்டாகிறது. பிக்கப்பைக் குறைத்தால் போதுமா?

ரிலேக்காரன்:
போதாது. கணக்கைப் பாருங்கள். ஈபி இருந்தால் பஸ்பாரில் (பேனலின் மெயின் கம்பிப் பட்டையில்) ஃபால்ட் கரன்ட், அதாவது ஷார்ட்டில் பாயும் கரன்ட், சுமார் 7400 ஆம்ப். இன்வெர்ட்டரின் முழு லோடு 139 ஆம்ப், ஷார்ட்டிலும் 1.2 மடங்குதான் தரும் என்றால் 167 ஆம்ப். உங்கள் செட்டிங்கில் அதற்கு 2.1 விநாடி ஆகும். அதற்குள் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. பிக்கப்பை லோடுக்கு ஒட்டி இறக்கினால் சாதாரண ஓவர்லோடிலேயே டிரிப் ஆகும்.

ஈபி, டீசல், பேட்டரி மூன்றுக்கும் ரிலேயில் தனித்தனியாக மூன்று செட்டிங் குரூப் வையுங்கள். ஈபிக்கு இப்போதுள்ளதே. டீசலுக்கு உடனடி டிரிப்பை 350 ஆம்ப் அளவுக்கு இறக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டருக்குப் பிஎம்ஜி எக்சைட்டேஷன் (காந்தப் புலத்துக்கான கரன்ட்டைத் தனிச் சிறு காந்த ஜெனரேட்டர் தருவது) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சுமார் 3 மடங்கு கரன்ட் சில விநாடி நிற்கும். ஆல்டர்னேட்டரின் சொந்த வோல்டேஜிலேயே ஓடும் வெறும் ஷன்ட் ஏவிஆர் (வோல்டேஜ் ரெகுலேட்டர்) என்றால் ஃபால்ட் கரன்ட் சீக்கிரம் விழுந்துவிடும். பேட்டரிக்கு வோல்டேஜையும் சேர்த்துப் பார்க்கும் ஓவர்கரன்ட்: வோல்டேஜ் 70%க்குக் கீழ், கரன்ட் 60 ஆம்ப்புக்கு மேல், 0.2 விநாடி. இன்வெர்ட்டரின் அண்டர்வோல்டேஜ் டிரிப் 0.5 விநாடிக்கு முன்னே வரக்கூடாது.

கடலோரன்:
கம்ப்ரஸர் ஸ்டார்-டெல்டாவில்தான் ஸ்டார்ட் ஆகிறது. தொந்தரவு வருமா?

ரிலேக்காரன்:
கட்டாயம் வரும். ஸ்டார்ட்டிங் கரன்ட்டை இன்வெர்ட்டரால் தர முடியாது. வோல்டேஜ் விழும், ரிலே அதை ஃபால்ட் என்றே எடுத்துக்கொள்ளும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மெதுவாக ஏற்றும் டிரைவ்) போடுங்கள். முடியாவிட்டால் பேட்டரியில் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாதபடி இன்டர்லாக்.

தென்கரை:
குரூப்பை மாற்றுவது எது என்பதுதான் உயிர்நாடி. ஈபி பிரேக்கர் திறந்ததா மூடியதா என்று சொல்லும் ஒரே ஆக்ஸிலரி கான்டாக்ட்டை நம்பாதீர்கள். கடல் உப்புக்காற்றில் அது அரித்துவிடும். திறந்த, மூடிய நிலை இரண்டுக்கும் தனித்தனிக் கான்டாக்ட் எடுங்கள். இரண்டும் 200 மில்லிவிநாடிக்கு மேல் முரண்பட்டால் அலாரம் அடித்து, பேட்டரி குரூப்புக்கே போகட்டும். வீணாக ஒருமுறை டிரிப் ஆவது, பிரியாத ஷார்ட்டைவிட மேல். சில ரிலேக்கள் குரூப் மாறும்போது கணநேரம் பாதுகாப்பை நிறுத்தும், மேனுவலில் பாருங்கள்.

எர்த்தை மறந்துவிட்டீர்கள். ஈபி பிரேக்கர் 4 போல் என்றால் நியூட்ரலும் பிரிகிறது. அப்போது இன்வெர்ட்டர் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் கான்டாக்டர் மூடாவிட்டால், பாடியில் ஷார்ட் ஆனாலும் எர்த் ஃபால்ட் ரிலேக்குக் கரன்ட்டே வராது. ஈபி, டீசல், பேட்டரி மூன்று நிலையிலும் செகண்டரி இன்ஜெக்‌ஷன் (டெஸ்ட் கிட்டால் ரிலேக்குச் சோதனைக் கரன்ட் கொடுப்பது) செய்து நேரத்தை அளந்த பிறகே லோடு ஏற்றுங்கள்.