மாடித்தோட்டம்: மிளகாய் சுருளுது, சுரைப்பிஞ்சு வெம்புது, கீரை வளரவே இல்லை

புதுமாடி_திருச்சி
வணக்கம். திருச்சியில் மொட்டைமாடி, நாள் முழுக்க வெயில். 12க்கு 12 அங்குலப் பை பத்து இருக்கு. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியை ஊறவைத்து உதிர்த்து அப்படியே நிரப்பி, மேலே இரண்டு கை மண்புழு உரம் போட்டிருக்கோம். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர். மிளகாயில் நுனியிலை சுருண்டு செடி குட்டையாவே நிக்குது. சுரையில் பிஞ்சு விரலளவு வந்ததும் மஞ்சளாகி அழுகுது. கீரை இரண்டு இலையோடு நின்னு, ஓரம் கருகுது. வீட்டில் நாலு பேர். இவ்வளவு மெனக்கெடுவதில் பலன் உண்டா? உண்டென்றால் எதிலிருந்து தொடங்கணும்?

செம்மண்
கீரை கருகுவதுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கோகோபீட்தான். தேங்காய் நாரில் உப்பு உண்டு. கழுவாமல் போட்டால் அது வேரைச் சுடும், இலை ஓரத்தில் கருகலாத் தெரியும். 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்கு உப்பும். அதைச் சாக்கில் கட்டி, தண்ணீர் ஊற்றிப் பிழியுங்க. முதலில் டீ நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று தடவை செய்யணும். கழுவிய வகை என்று கடையில் சொன்னாலும் ஒரு தடவை அலசிப் போடுவது நல்லது.

அடுத்தது, கோகோபீட் தண்ணீரைப் பிடிக்கும், சோறு போடாது. இரண்டு கை மண்புழு உரம் ஒரு மாதம்கூடத் தாங்காது. மாடிக்கு எடை குறையணும் என்பதால் கோகோபீட் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு எடுங்க. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு, 10 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி). எல்லாம் கலந்து, பிசைந்தால் உருண்டை பிடிக்கிற ஈரத்தில் நிழலில் பத்து நாள் மூடி வையுங்க, அப்புறம் விதை. பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம். மக்கும்போது சூடு ஏறி வேர் வெந்துபோகும். பையின் மேல்பக்கம் இரண்டு அங்குலம் காலியா விடுங்க, இல்லையென்றால் ஊற்றுகிற தண்ணீரோடு கலவை வழியும்.

இரண்டு வேளை என்று கணக்கு வைத்து ஊற்றாதீங்க. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். கோகோபீட் மேலே காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருக்கும், அது ஏமாற்றிவிடும். பைக்கு அடியில் செங்கல் வையுங்க. துளை அடைபடாது, தளத்திலும் ஈரம் தேங்காது.

காந்தாரி_கோவை
மிளகாய்க்கு மருந்து தேடுமுன் இலை எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க. ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன் (சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சி). கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி (சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேன்). கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நுனியை ஒரு வெள்ளைத் தாள் மேல் தட்டினால் இலைப்பேன் மெல்லிய கோடு மாதிரி ஊரும்.

இலைப்பேனுக்கு: மிக மோசமான நுனியைக் கிள்ளி வெளியே போடுங்க. 1 லிட்டர் தண்ணீரில் முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், பிறகு 5 மில்லி வேப்பெண்ணெய், பால் மாதிரி ஆகும்வரை குலுக்கணும். சோப்பு இல்லாமல் எண்ணெய் தனியாப் பிரிந்து நின்று இலையைப் பொசுக்கும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய, ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. சிலந்தி என்றால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத்தூள்) லிட்டருக்கு 3 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கவே கூடாது, செடி கருகிடும். உச்சி வெயிலிலும் வேண்டாம். ஏற்கெனவே சுருண்ட இலை விரியாது. புதுத்தளிர் நேரா வருதான்னு மட்டும் கவனிங்க.

தழைக்கட்டு
பலன் கேட்டிருந்தீங்க. வெங்காயம், உருளை மாடியில் போடுவது இடத்துக்கு நட்டம். கீரை, மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை இந்த நாலுக்கும் தாராளமா உழைக்கலாம். கீரை பறித்த அரைமணியில் கடாயில் விழும். எதைத் தெளித்தோம் என்பதும் நமக்குத் தெரியும். இது கடையில் கிடைக்காது.

சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். அகலப் பை நாலு வைத்து வாரத்துக்கு ஒரு பையில் விதைத்தால் வாரத்துக்கு ஒரு தடவை கீரை சுழற்சியா வரும். அரைக்கீரை என்றால் வேரை விட்டு அறுக்கணும், திரும்பத் துளிர்க்கும். விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவி மெலிசா மூடுங்க. எறும்பு இழுக்காமல் இருக்கப் பை விளிம்பில் அரிசி மாவு தூவினால் அது முதலில் மாவைத் தூக்கும், அதற்குள் விதை முளைத்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டாயம். பெரிய அளவில் விதைப்பதை ஆடிக்கோ தைக்கோ தள்ளிப் போடுங்க.

புதுமாடி_திருச்சி
மிக்க நன்றி. மிளகாய் இலை மேல்நோக்கித்தான் மடிந்திருக்கு. கீரைப் பைகளைக் கொட்டி, கலவையை அலசி மறுபடி தயாரிக்கிறேன். சுரைக்கு என்ன செய்ய? பூ நிறைய இருக்கு, தேனீயும் காலையில் வருது.

செம்மண்
அங்கேதான் விஷயம். சுரைப்பூ சாயங்காலம் விரியும், காலைத் தேனீ அதற்கு உதவாது. அந்தி அந்துப்பூச்சிகள் மாடிக்குக் குறைவாத்தான் வரும். ஐந்து, ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க. வெறும் காம்போடு இருப்பது ஆண் பூ, அடியில் குட்டிச் சுரை இருப்பது பெண். ஆண் பூவைப் பறித்து இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் மஞ்சள் தூள் ஒட்டும் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாத் தடவுங்க. ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். சேர்ந்திருந்தால் மூன்று நாலு நாளில் பிஞ்சு பளபளன்னு பருக்கும், இல்லையென்றால் நுனியிலிருந்து மஞ்சளாகும். 12 அங்குலப் பை சுரைக்குப் போதாது. 24 அங்குலத்துக்கு மாற்ற இப்போது வேரைக் கலைக்காதீங்க, அடுத்த விதையை நேரா அதில் ஊன்றுங்க.