செர்மாட் 2023: பனி இல்லாமல் நின்றதா, பனி கொட்டி நின்றதா?

ஓபர்லாந்துக்காரன்:
உறவினர் ஒருவர் எனக்கு அனுப்பிய பதிவு இது: "ஆல்ப்ஸில் நவம்பர் பனிச்சறுக்கு முடிந்த கதை. 3,700 மீற்றர் உயரத்திலேயே பனி இல்லாமல் செர்மாட் உலகக் கோப்பைப் போட்டிகளை இரண்டு வருடம் தொடர்ந்து நிறுத்தினார்கள். இனிமேல் கிறிஸ்துமஸுக்கு முன் டிக்கெட் வாங்குபவர்கள் ஏமாளிகள்."

எழுதியவர் மலைப் பக்கமே போனதில்லை என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கு மேலே தொடங்கி இத்தாலியப் பக்கம் இறங்கும் பனிச்சறுக்குப் போட்டி இது. 2022இல் அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் நடக்க இருந்த போட்டிகள் பனி போதாமல் நின்றன. உண்மை. 2023இல் என்ன நடந்தது? நவம்பர் 11, 12இல் ஆண்கள், 18, 19இல் பெண்கள் என்று அட்டவணை இருந்தது. பனி கொட்டோ கொட்டென்று கொட்டி, சறுக்கும் ஓடுதளத்தைச் சீர்செய்யவே முடியாமல் போனது. பனி இல்லாமல் அல்ல, பனி அதிகமாகி நின்றது! இதைத் தலைகீழாக எழுதி ஊரெல்லாம் பரப்புகிறார்கள். பேர்ன் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் எண்பதுகளின் இறுதியிலிருந்து வாழ்பவன் நான். யாராவது இந்தப் பொய்க்குப் பதில் சொல்லட்டும்.

அளவுகோல்:
பதிவு எழுதியவர் தவறாக எழுதினார் என்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நீங்களும் பாதியைத்தான் சொல்கிறீர்கள், ஐயா. 2023இல் பெண்கள் போட்டி நின்றது காற்றால். அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில் ஆண்கள் போட்டியும் காற்றால்தான் நடுவில் நின்றது. ஆக, "பனி அதிகமாகி நின்றது" என்பது முதல் வார இறுதிக்கு மட்டும் பொருந்தும்.

அதைவிட முக்கியமானது, ஒரு வார இறுதியில் கொட்டிய பனியை வைத்து நாற்பது ஐம்பது ஆண்டுப் போக்கை மறுக்க முடியாது. சுவிஸ் மலைகளில் 1,139 மீட்டரிலிருந்து 2,540 மீட்டர் வரை உள்ள பனி அளவிடும் நிலையங்களின் 1970 முதல் 2015 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. பனி தரையில் தங்கும் காலம் பத்தாண்டுக்குச் சராசரியாக 8.9 நாட்கள் குறைந்திருக்கிறது. 1970ஐ ஒப்பிட்டால் பருவம் 12 நாட்கள் தாமதமாகத் தொடங்கி, 26 நாட்கள் முன்னதாக முடிகிறது.

ஓபர்லாந்துக்காரன்:
நன்றி தம்பி, என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். தொடக்கத்தில் 12 நாள், முடிவில் 26 நாள். நட்டம் எங்கே? வசந்தத்தில்! அந்த ஆய்வின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது: தாமதமாகப் பனி விழுவதைவிட முன்னதாக உருகுவதே காரணம் என்று. தொடக்கம் தள்ளிப்போனதை ஐந்தில் ஒரு பங்கு நிலையங்களில்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது என்றும் அதில் இருக்கிறது. சுருக்கத்தை முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள்.

2023இல் பனி இல்லாமல் நின்றதா, இல்லையா? அதற்கு இன்னும் நேர்ப் பதில் வரவில்லை.

அளவுகோல்:
நேர்ப் பதில்: ஆண்களுக்குப் பனியும் காற்றும், பெண்களுக்குக் காற்று. இதோ சொல்லிவிட்டேன். தம்பி என்று அழைப்பதை நிறுத்திக்கொண்டால் நல்லது. என் வயது உங்களுக்குத் தெரியாது.

12 நாட்கள் சிறிய எண் என்று நினைப்பவர் டிசம்பர் தொடக்கத்தில் விடுதி நடத்திப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய முற்பருவம் என்பதே மூன்று நான்கு வாரங்கள்தான். அதில் 12 நாட்கள் போனால் மிச்சம் என்ன? வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் பனியும் மழையும் பிரியும் எல்லை சுமார் 150 மீட்டர் மேலே போகிறது. சுவிட்சர்லாந்தோ தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட இரண்டரை டிகிரிக்கும் மேல் சூடாகிவிட்டது. 1,200 மீட்டர் கிராமத்தில் நவம்பரில் இறங்குவது இப்போது பல நாட்களில் மழை. பனியாக வந்தாலும் சூடு ஆறாத புல்தரையில் இரண்டு நாள் கிடந்து கரைந்துவிடும்.

சறுக்குமரம்:
இரண்டு பேரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யலாமா? "நம்பத்தக்க பனி" என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குறைந்தது 100 நாட்கள், 30 சென்டிமீட்டர் பனி, பத்தில் ஏழு குளிர்காலங்களிலாவது இருக்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2007இல் வெளியிட்ட அறிக்கை இதே 100 நாள் விதியை வைத்துத்தான் ஆல்ப்ஸின் 666 சறுக்குத் தளங்களில் 609 நம்பத்தக்கவை என்றது. இரண்டு டிகிரி கூடினால் 404, நான்கு டிகிரி கூடினால் 202. இந்த அளவில் நவம்பரே இல்லை. பனியாற்றின் மேல் நடக்கும் போட்டியும் கிராமத்துச் சரிவும் ஒன்றல்ல. எதைக் கேட்கிறோம்?

ஓபர்லாந்துக்காரன்:
நாம் கேட்பது 2023 நவம்பர் 11ஐ. அன்று செர்மாட்டில் பனி இருந்ததா, இல்லையா? விதி, அறிக்கை, நூறு நாள் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

குடைக்காரி:
நான் லுசேர்னில் இருந்து எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் 2023 முக்கியம், எனக்கு என் காசு முக்கியம். முன்பதிவு செய்தால் மலிவு என்று சொன்னதால் டிசம்பர் முதல் கிழமைக்குக் குடும்பத்தோடு பதிந்தோம். போய்ச் சேர்ந்தால் மேலே ஒரேயொரு ஓடுதளம் திறந்திருக்கிறது, பிள்ளைகளின் பயிற்சிச் சரிவு பச்சைப் புல்லாகக் கிடக்கிறது. பணம் திரும்பக் கிடையாது, நிபந்தனையை வாசியுங்கள் என்றார்கள். அண்ணா, நீங்கள் சொல்லும் பனி 3,700 மீற்றரில் இருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையை அங்கே ஏற்ற முடியுமா?

ஓபர்லாந்துக்காரன்:
தங்கச்சி, நிபந்தனையை வாசிக்காமல் பதிந்தது மலையின் குற்றம் அல்ல. 2024 நவம்பரில் உங்கள் லுசேர்னிலேயே 40 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியதே, மறந்துவிட்டதா? பஸ் ஓடாமல் நகரமே நின்றது. அந்த மாதம் யாராவது "பனி செத்துவிட்டது" என்று எழுதினார்களா?

குடைக்காரி:
மறக்கவில்லை. அது எத்தனை நாள் தங்கியது என்பதையும் மறக்கவில்லை. நிபந்தனையை வாசித்துத்தான் பதிந்தேன். "பனி நிச்சயம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததையும் சேர்த்து வாசித்தேன்.

அளவுகோல்:
இதைத்தான் சொல்கிறேன். விழுவது வேறு, தங்குவது வேறு. 2022இல் செர்மாட்டில் பற்றாக்குறை எங்கே வந்தது? மேலே அல்ல, இத்தாலியப் பக்கம் இறங்கும் கீழ்ப்பகுதியில். ஓடுதளம் முடியும் இடமே 2,800 மீட்டருக்கு மேல். அங்கே போதவில்லை. அதே ஆண்டு ஜூலை இறுதியில் செர்மாட்டில் கோடைச் சறுக்கையே நிறுத்தினார்கள். 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனஅளவில் சுமார் பத்து விழுக்காட்டை இழந்தன. முற்பருவச் சறுக்கு நடப்பது அந்தப் பனிக்கட்டியின் மேல்தான். அடித்தளம் தாழ்ந்தால் பிளவுகள் திறக்கும். அதை நிரப்பத்தான் 2023இல் செர்மாட்டுக்கு மேலுள்ள தியோடுல் பனியாற்றில் அகழ்பொறி இறக்கினார்கள், அனுமதி எல்லையைத் தாண்டியும் தோண்டினார்கள், வலே மாநில ஆணையம் தடுத்தது. அப்படித் தயாரித்த தளத்தில் கடைசியில் ஒருவர்கூடப் போட்டிக்கு இறங்கவில்லை.

ஓபர்லாந்துக்காரன்:
ஏன் இறங்கவில்லை? பனி கொட்டியதால்! சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறீர்கள், வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். அகழ்பொறியைப் பற்றி எழுதும் எவரும் பனிப்பிளவில் விழுந்தவனைக் கயிறு கட்டித் தூக்கியதைப் பார்த்ததில்லை. பிளவை மூடுவது எல்லாப் பனியாற்றுத் தளங்களிலும் நடக்கும் பாதுகாப்பு வேலை. சூரிச்சில் சன்னலுக்குப் பின்னால் இருந்து வரைபடம் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

போன வருடம் டாவோஸ் விவாதத்திலும் இதே ஆள்தான். குளிர்காலப் பனியை மரத்தூளால் மூடிக் கோடை முழுவதும் காத்து, அக்டோபரில் நெடுந்தூரச் சறுக்குக்குத் தடம் விரிக்கிறார்கள் என்று நான் எழுதினேன். "நம்ப முடியாது" என்று சிரித்தார். படத்தைப் போட்டதும் ஆளையே காணவில்லை.

அளவுகோல்:
நான் சிரிக்கவில்லை. பழைய பனியைச் சேமித்து வைக்க வேண்டிய நிலை வந்ததே பிரச்சினைக்குச் சான்று என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன். 2018 அக்டோபரில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் சேமித்த பனியைப் பச்சை மலையில் ஒரு வெள்ளைப் பட்டையாக விரித்துச் சறுக்கினார்கள். அதைப் பருவம் தொடங்கிவிட்டது என்று கொண்டாடுவது, தண்ணீர் லாரி வந்ததைப் பார்த்து ஏரி நிரம்பிவிட்டது என்பதுபோல்.

ஹிமாலயன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் போயிருந்தேன். ஜனவரி! நவம்பர் அல்ல. மண்ணும் காய்ந்த புல்லும்தான். குதிரைக்காரர்களும் சறுக்கு கற்றுத்தரும் இளைஞர்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அங்கே பனி பொழிவது மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளால். அது தவறினால் ஒன்றும் இல்லை. அப்போது செயற்கைப் பனிக்கும் வசதி இருக்கவில்லை.

ஓபர்லாந்துக்காரன்:
குல்மார்க் வேறு, ஆல்ப்ஸ் வேறு. தலைப்பை மாற்ற வேண்டாம். செயற்கைப் பனி பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. சுவிட்சர்லாந்தின் ஓடுதளங்களில் பாதிக்கு மேல் பனி இயந்திரம் எட்டும். இத்தாலியின் தென் தீரோலில் கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான். நவம்பரில் மூன்று குளிர் இரவுகள் கிடைத்தால் போதும், எங்கள் ஆட்கள் விடிய விடிய நின்று அடித்தளம் போட்டுவிடுவார்கள். நானே அந்த வேலை செய்தவன். கையுறைக்குள் விரல் மரத்துப்போக, கையில் விளக்கோடு ஒவ்வொரு இயந்திரமாக நடந்து பார்த்தவன்.

அளவுகோல்:
அந்த மூன்று குளிர் இரவுகள் வராத நவம்பரில்? இயந்திரத்துக்கு வேண்டியது வெறும் குளிர் அல்ல, உலர்ந்த குளிர். ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை, மைனஸ் இரண்டு, மூன்று டிகிரிக்குக் கீழே போக வேண்டும். காற்றில் ஈரம் கூடினால், சாதாரண வெப்பமானி மைனஸ் இரண்டு காட்டினாலும் தண்ணீர்தான் தெறிக்கும். தெற்கிலிருந்து மலை தாண்டி இறங்கும் சூடான ஃபென் காற்று ஓர் இரவு வீசினால், போட்ட அடித்தளத்தையும் தின்றுவிடும்.

2023 புத்தாண்டு அன்று சுவிட்சர்லாந்தின் வடமேற்கிலுள்ள தெலேமோனில் 20.2 டிகிரி. ஆல்ப்ஸுக்கு வடக்கே ஜனவரியில் 20 டிகிரியைத் தொட்டது அதுவே முதல் முறை. அந்த வாரம் கஸ்டாட்டில் ஹெலிகாப்டரில் பனி கொண்டுவந்து கொட்டினார்கள். அடெல்போடன் உலகக் கோப்பையும் பச்சை மலையில் ஒரு வெள்ளைக் கோட்டில்தான் நடந்தது. உங்கள் மாநிலம்தான், ஐயா.

ஓபர்லாந்துக்காரன்:
அடெல்போடன் நடந்ததா, இல்லையா? நடந்தது! அதைச் செய்துகாட்டியவர்களை வாழ்த்த மனம் வரவில்லை. ஹெலிகாப்டர் விஷயத்தில் நானே அன்று எதிர்த்து எழுதினேன். அதை இங்கே இழுப்பது வேண்டுமென்று செய்வது. அது ஜனவரி. நாம் பேசுவது நவம்பர்.

இன்னொன்றும் சொல்கிறேன். எண்பதுகளின் இறுதியில் தொடர்ந்து மூன்று குளிர்காலங்கள் பனி இல்லாமல் போயின. நான் வந்த புதிது. விடுதிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், பத்திரிகைகள் எல்லாம் பனிச்சறுக்குக்குக் கருமாதி எழுதின. பிறகு 1999 பிப்ரவரியில் என்ன ஆனது? பனிச்சரிவில் ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள், ஒவ்வொரு முறையும் மலை பதில் சொல்கிறது. 2023 நவம்பரும் அப்படி ஒரு பதில்தான்.

சறுக்குமரம்:
1999இல் கொட்டியதால் தாழ்ந்த இடங்களில் பனி நாட்கள் பழைய அளவுக்குத் திரும்பினவா? எண்பதுகளின் இறுதியில் ஒரு படி இறங்கியது, பிறகு பழைய நிலைக்கு ஏறவே இல்லை. என் 100 நாள் கேள்விக்கும் இதுவரை யாரும் பதில் தரவில்லை.

குடைக்காரி:
யாருக்கு ஐயா பதில் வேண்டும்? ஒருவர் நவம்பர் 11இல் நிற்கிறார், மற்றவர் நவம்பர் 18இல் நிற்கிறார்.

அளவுகோல்:
நான் 2022இலும் நிற்கிறேன், அது வசதியாக மறைக்கப்படுகிறது. 2022இல் பனி இல்லை, 2023இல் புயல். நான்கு வார இறுதிகளிலும் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் அடுத்த அட்டவணையிலிருந்தே செர்மாட்டை எடுத்துவிட்டது. நம்ப முடியாத நேரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஓபர்லாந்துக்காரன்:
புயல் என்கிறீர்கள். புயல் எதைக் கொண்டுவந்தது? அந்தச் சொல்லை மட்டும் எழுத உங்கள் கை வர மறுக்கிறது. 3,700 மீற்றரில் நவம்பரில் காற்று வீசும் என்பது நாற்பது வருடங்களுக்கு முன்பும் எங்களுக்குத் தெரியும். அந்த உயரத்தில், அந்த மாதத்தில் போட்டி வைத்த முடிவை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு கேள்வி. என் கேள்வி ஒன்றே ஒன்று: "பனி இல்லாமல் இரண்டு வருடமும் நின்றது" என்பது உண்மையா, பொய்யா? ஆம் அல்லது இல்லை.

அளவுகோல்:
பெண்கள் போட்டி காற்றால் நின்றது.

ஓபர்லாந்துக்காரன்:
ஆண்கள் போட்டி?

ஹிமாலயன்:
குல்மார்க்கில் இந்த டிசம்பருக்குப் பதிவு செய்யலாமா என்று யாராவது சொல்ல முடியுமா?

ஓபர்லாந்துக்காரன்:
குல்மார்க்குக்குத் தனித் தலைப்பு தொடங்குங்கள். அளவுகோல் அவர்களே, ஆண்கள் போட்டி? நவம்பர் 11. காத்திருக்கிறேன். அந்தப் பொய்ப் பதிவை எழுதியவருக்கும் இதே கேள்வியை அனுப்பிவிட்டேன், அவரும் வாய் திறக்கவில்லை.