கலைச்சொல் விவாதம்: டிரெய்லர் கொக்கியில் அழுந்தும் எடைக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் அரை டன் (எஃப்-150, சில்வராடோ 1500 போன்ற ரகத்துக்கு வழங்கும் பெயர்) டீசல் பிக்கப் வைத்துக்கொண்டு டிரெய்லர் இழுப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. முக்கால்வாசிச் சொற்கள் படிந்துவிட்டன. 'டங் வெயிட்' மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. டிரெய்லரின் முன்முனை பிக்கப்பின் கொக்கி உருண்டை மேல் எவ்வளவு எடையை அழுத்துகிறதோ, அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

வரைவில் 'நாக்கு எடை' என்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வண்டியோட்டுகிற எவருக்கும் அதைக் கேட்டவுடன் எந்த இடம், எந்தப் பக்கம் என்று தோன்றாது. வேறு பரிந்துரைகள்: முனை நிறை, கொக்கிச் சுமை, தாங்குசுமை. கடைசியாக உள்ளது ஜெர்மானியர் சொல்லும் 'ஷ்டுட்ஸ்லாஸ்ட்' என்பதன் நேர்வடிவம். கையேட்டில் அடிக்கடி வரப்போகிற சொல் என்பதால் முடிவெடுத்துவிட்டு மேலே போகலாம்.

அன்புடன்

* * *

> முனை நிறை

இது வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் பொருளின் அளவு. புவி அதை இழுக்கும் விசைக்கு எடை என்று பெயர். இலங்கையில் நாங்கள் முதலாவதைத் திணிவு என்றும் இரண்டாவதை நிறை என்றும் படித்தவர்கள். டொராண்டோவில் இந்தக் கையேட்டை எடுக்கிறவர்களில் இரண்டு தரப்பும் இருப்பார்கள். ஒரே சொல்லை இருவர் இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய இடத்தில் அதை வைக்கக் கூடாது.

சுமை, பாரம் இரண்டும் பொதுச்சொற்கள்; இரு கரையிலும் ஒரே பொருள். அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். 'கொக்கிச் சுமை' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொக்கி தாங்குவது இரண்டு வகை: கீழ்நோக்கி அழுத்துவது ஒன்று, பின்னோக்கி இழுப்பது மற்றொன்று. கொக்கியில் ஒட்டியுள்ள வில்லையில் (லேபிளில்) இரண்டுக்கும் தனித்தனி வரம்பு அச்சிட்டிருக்கும். ஃபோர்டு எஃப்-150-இன் பல மாதிரிகளில், எடையை மற்ற அச்சுகளுக்குப் பகிர்ந்துதரும் துணைக்கம்பிகள் இல்லாமல் இழுத்தால் டிரெய்லர் 5,000 பவுண்டு, உருண்டை மேல் அழுத்தம் 500 பவுண்டு. 'கொக்கிச் சுமை' என்றால் வாசகர் 5,000 என்று எடுத்துக்கொள்வார்.

* * *

என் பரிந்துரை: முன்பாரம்.

புதிதாக உண்டாக்கியது அல்ல. பார வண்டி ஓட்டியவர்கள் வாயில் இருந்த சொல். மூட்டைகளை அச்சுக்கு முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் அதிகம் அடுக்கினால் நுகம் மேலே தூக்கும், பூட்டுக்கயிறு தொண்டையைப் பிடிக்கும், அது பின்பாரம். அனுபவப்பட்டவர் சற்றே முன்பாரமாக ஏற்றுவார். ஒற்றை அச்சு, முன்னால் ஒரு தாங்குபுள்ளி, பின்னால் நீளும் பெட்டி என்று இயந்திர அமைப்பு முழுவதும் அப்படியே டிரெய்லருக்குப் பொருந்துகிறது. மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது பிக்கப்பின் கொக்கி உருண்டை.

இந்தச் சொல்லுக்குள் எதிர்ச்சொல்லும் சேர்ந்தே கிடைக்கிறது. 'நாக்கு எடை குறைவு' என்று எழுதினால் அது வெறும் அளவு. 'டிரெய்லர் பின்பாரமாக இருக்கிறது' என்று எழுதினால் ஆபத்து தெரிகிறது. வட அமெரிக்க நடைமுறையில் முன்பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போகப் போக நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். காற்றடித்தாலோ பெரிய லாரி கடந்து போனாலோ ஒரு சிறு தள்ளல் போதும். பின்பாரம் உள்ள பெட்டியில் அந்த ஆட்டம் தானாக அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகும். அப்போது பிக்கப்பின் பிரேக்கை மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் நிலைமையைக் கெடுக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, டேஷ்போர்டில் உள்ள கைவிசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும்.

முன்பாரத்தை மாற்றுவது மூட்டைகள் மட்டுமல்ல. 6,000 பவுண்டு கேம்பர் டிரெய்லர் (உள்ளே தங்கும் வசதி உள்ள பெட்டி) ஒன்று, முன்பாரம் 650 பவுண்டு, அதாவது 10.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 கேலன் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 5 அடி பின்னால் இருக்கிறது; உருண்டையிலிருந்து அச்சுக்கு 16 அடி. தொட்டி நிரம்பினால் தண்ணீர் 330 பவுண்டு. முன்பாரத்தில் குறைவது 330 × 5 ÷ 16, ஏறக்குறைய 103 பவுண்டு. இப்போது டிரெய்லர் 6,330, முன்பாரம் 547: 8.6 சதவீதம். தண்ணீர்க் குழாயைத் திறந்ததைத் தவிர யாரும் எதையும் நகர்த்தவில்லை, ஆனாலும் பெட்டி பின்பாரமாகிவிட்டது.

* * *

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் என் தயக்கத்தையும் கேளுங்கள். பிக்கப் ஓட்டுபவர் 'முன்பாரம் கூடிவிட்டது' என்று படித்தால் தன் வண்டியின் முன்சக்கரத்தில் எடை கூடியதாகத்தானே நினைப்பார்? நடப்பது அதற்கு நேர்மாறு.

சக்கர இடைவெளி 12 அடி, பின் அச்சிலிருந்து உருண்டைக்கு 5 அடி உள்ள பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டை மேல் 1,000 பவுண்டு அழுத்தினால் பின் அச்சை மையமாகக் கொண்டு முன்பக்கம் தூக்கும். முன் அச்சிலிருந்து 417 பவுண்டு கழியும். பின் அச்சில் 1,417 பவுண்டு ஏறும். முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் பிடிப்பு குறையும், முன்பிரேக் வேலை குறையும், ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும். டிரெய்லரில் முன்பாரம், அதனாலேயே பிக்கப்பில் முன்பக்கம் இலேசு. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் குழப்பம் நிச்சயம்.

'மூக்கணைப் பாரம்' என்று சொல்லலாமா? வண்டியின் முன்புறம் நீளும் பகுதிக்குப் பெயர் மூக்கணை. டிரெய்லரின் முன்சட்டத்துக்கு அது பொருந்தும்.

* * *

மூக்கணையை வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, ஆனால் வண்டி உறுப்புகளின் பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகின்றன. விளக்கம் சொல்லியே ஒவ்வொரு முறையும் பயன்படுத்த வேண்டியிருக்கும். முன்பாரத்துக்கு விளக்கம் தேவையில்லை.

அம்மா எழுப்பிய தயக்கம் உண்மையானது. அதற்குத் தீர்வு, பிக்கப்பின் எந்த அச்சைப் பற்றிப் பேசினாலும் 'பாரம்' என்ற சொல்லைத் தொடாமல் இருப்பது. அங்கே 'முன் அச்சுச் சுமை', 'பின் அச்சுச் சுமை'. பாரம் டிரெய்லருக்கு, சுமை பிக்கப்புக்கு. கையேடு முழுவதும் இந்த ஒழுங்கைக் காத்தால் போதும். சரிபார்க்க, கையேட்டில் வரவேண்டிய பகுதிகளை இந்தச் சொற்களால் எழுதிப் பார்த்தேன்:

"டீசல் எஞ்சினின் முறுக்கு விசையை நம்பி டிரெய்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2023 முதல் வரும் செவ்ரோலே சில்வராடோ 1500-இன் 3.0 லிட்டர் டீசல் 495 பவுண்டு-அடி முறுக்கு விசை தருகிறது. ராம் 1500-இல் இருந்த 3.0 லிட்டர் டீசலுக்கு 480; அதற்கு விளம்பரப்படுத்திய உச்ச இழுவை 12,560 பவுண்டு. எஞ்சின் அதை இழுக்கும். ஆனால் 12,560-இல் 12.5 சதவீத முன்பாரம் 1,570 பவுண்டு ஆகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள வில்லையைப் பாருங்கள்: ஆட்களும் பொருளும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஓர் எண் இருக்கும். நான்கு கதவு அரை டன் டீசலில் அது 1,500 பவுண்டை ஒட்டி இருப்பது வழக்கம். பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் கனமானது என்பதால் அந்த எடையும் இதிலிருந்தே கழிந்திருக்கும். 8,000 பவுண்டு டிரெய்லர் என்றால் முன்பாரம் 1,000, கொக்கித் தொகுதி 100. மீதி 400 பவுண்டுக்குள் ஓட்டுநர், குடும்பம், பின்தொட்டியில் போட்ட விறகு, ஜெனரேட்டர் எல்லாம் அடங்க வேண்டும். இழுவை வரம்பு மீறும் முன்பே இந்த எண் தீர்ந்துவிடும்."

எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. 'நாக்கு எடை' போட்டுப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரு கூடுதல் தகவலையும் சேர்த்திருக்கிறேன். இழுவை வரம்பைக் கணிக்க உற்பத்தியாளர்கள் பின்பற்றும் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரச் சோதனையில் வண்டிக்குள் 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். முன்பாரம் 10 சதவீதம். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிவிட்டால் எஞ்சினும் குளிரூட்டும் அமைப்பும் தேறிவிட்டன என்று பொருள். நான்கு பேர் குடும்பம் ஏறினால் கதவு வில்லை என்ன சொல்லும் என்பது அந்தச் சோதனையில் கிடையாது.

* * *

> பாரம் டிரெய்லருக்கு, சுமை பிக்கப்புக்கு.

ஏற்கிறேன். அளக்கும் முறையையும் சேர்த்துவிடுங்கள். அளக்க முடியாத ஒன்றுக்குப் பெயர் வைத்துப் பயனில்லை.

லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற நிறுவனத்தின் எடைமேடை மிகச் சரியானது. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனித் தளத்தில் காட்டும். டிரெய்லரை மாட்டி, துணைக்கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு டிரெய்லரை அவிழ்த்து பிக்கப்பை மட்டும் நிறுத்துங்கள். ஆட்களும் எரிபொருளும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும். முதல் சீட்டில் பிக்கப்பின் இரண்டு அச்சுகளின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டாம் சீட்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் முன்பாரம். துணைக்கம்பி மாட்டிய நிலையில் எடுத்த சீட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கம்பி கொஞ்ச எடையை டிரெய்லர் அச்சுக்குத் தள்ளிவிடுவதால் முன்பாரம் குறைவாகத் தெரியும்.

வீட்டில் என்றால் குளியலறை எடைப்பொறி போதும். நான்கடி இடைவெளியில் ஒருபுறம் செங்கல் அடுக்கு, மறுபுறம் அதே உயரத்தில் எடைப்பொறி. இரண்டின் மேலும் நாலுக்கு நாலு அங்குலத்துக்குக் குறையாத மரக்கட்டை. செங்கல் தாங்கும் புள்ளியிலிருந்து ஓரடி தள்ளி டிரெய்லர் ஜாக்கியின் கால் நிற்க வேண்டும். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், பெட்டி மட்டமாக இருக்கட்டும். எடைப்பொறி காட்டுவதிலிருந்து வெறும் மரக்கட்டை காட்டியதைக் கழித்து நான்கால் பெருக்குங்கள். 1,000 பவுண்டு முன்பாரம் 250 என்று தெரியும். ஜாக்கி உருண்டை இருக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அச்சுக்கு நெருக்கமாக இருப்பதால் விடை உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும்.

* * *

ஒரு சிறு கேள்வி. பின்தொட்டிக்குள் மாட்டும் ஐந்தாம் சக்கர டிரெய்லருக்கும் இதே சொல்லா? அங்கே ஆங்கிலத்தில் 'பின் வெயிட்' (pin weight) என்று வேறு பெயர். அளவும் 15 முதல் 25 சதவீதம். ஐரோப்பாவில் மாட்டும் கேரவனுக்கோ 5 முதல் 7 சதவீதம். பல கார்களில் வரம்பே 75 அல்லது 100 கிலோதான்.

* * *

இதே சொல்தான். டிரெய்லர் தன் முன் தாங்குபுள்ளியில் அழுத்தும் விசை என்பது மூன்றிலும் ஒன்றே. ஐந்தாம் சக்கரத்தில் அந்தப் புள்ளி பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலேயே வருவதால் முன் அச்சு தூக்காது; ஆனால் 8,000 பவுண்டு டிரெய்லருக்கு 20 சதவீதம் போட்டால் 1,600 பவுண்டு. அரை டன் வண்டியின் கதவு வில்லை அதிலேயே முடிந்துவிடும். ஐரோப்பிய அளவுகளைக் கையேட்டில் கலக்க வேண்டாம். அங்கே கேரவனின் அமைப்பும் வேக வரம்பும் வேறு. ஐரோப்பிய எண்ணைப் படித்துவிட்டு அமெரிக்கப் பெட்டியை 6 சதவீதத்தில் கட்டி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

* * *

அப்படியென்றால் முன்பாரம் முடிவானது. இதிலிருந்து பிறப்பவை: பின்பாரம் (10 சதவீதத்துக்குக் கீழ் போனதும் இப்படியே அழைக்கலாம், கழித்தல் குறிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்), முன்பார வரம்பு, முன்பார விகிதம். இதுவரை 'துணைக்கம்பி' என்று எழுதிவந்த தொகுதிக்குப் பாரம்பகிர் கொக்கி என்று வைத்திருக்கிறேன். அதன் பதிவு:

"பாரம்பகிர் கொக்கி: வில்கம்பிகளின் முறுக்கால் பின் அச்சில் ஏறிய சுமையில் ஒரு பகுதியை பிக்கப்பின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் மாற்றித் தரும் கொக்கித் தொகுதி. முன்பாரத்தை இது குறைப்பதில்லை. பின்பாரமாக ஏற்றிய பெட்டியைத் திருத்தாது. பொருத்தும்போது முன்சக்கர வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மூன்று முறை அளக்கவும். டிரெய்லர் இல்லாமல் 38 அங்குலம், டிரெய்லரை மாட்டியதும் 39½ என்றால் ஒன்றரை அங்குலம் தூக்கியிருக்கிறது. கம்பிகளை இறுக்கியதும் அதில் பாதியாவது இறங்கி 38¾-க்கு வர வேண்டும். சரியான அளவை வண்டியின் கையேடு சொல்லும். 38-க்குக் கீழே போகுமளவு இறுக்கக் கூடாது. பின்சக்கரம் பிடிப்பிழந்து, ஈரச் சாலை வளைவில் டிரெய்லர் பிக்கப்பின் பின்புறத்தைத் தள்ளி மடக்கிவிடும். இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டிருந்தால் இந்த அபாயம் கூடும். அந்தப் பிரேக் இயக்குசக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது, டிரெய்லரைப் பிடிப்பதில்லை."

ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அச்சுக்குப் போகும் வரைவில் 'நாக்கு எடை' வரும் எல்லா இடத்திலும் மாற்றிவிடுகிறேன். அடுத்து 'கேம்பர் டிரெய்லர்' என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்