காசல்ரீ தண்ணீர் கடலில் சேருகிற இடம்

குழு: நோர்வூட் குடும்பம்

மாலை 4.40

நான்: அம்மா, அங்கே மழை எப்படி? வேலை சீக்கிரம் முடிந்தது, தூண்டிலோடு கொழும்புக் காக்கைதீவுக் கரைக்கு வந்திருக்கிறேன். களனி ஆற்று முகத்துவாரம் முழுக்கப் பால் தேத்தண்ணி நிறத்தில் கிடக்கிறது.

அம்மா: நேற்று ராத்திரியிலிருந்து விடவில்லை மகன். லயத்துக்குப் பின்னால் கான் நிரம்பி ஓடுகிறது. இன்றைக்கு அரை நாளோடு வேலையை நிறுத்தித் தேயிலை மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அக்கா: காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாய்கிறது. விமலசுரேந்திர அணைக் கதவும் திறந்தாச்சாம்.

சித்தப்பா: அப்படியென்றால் நீ பார்க்கிறது நம் வாசலில் போகிற கெசல்கமு ஓயாதான். அதுவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதானே களனி. நோர்ட்டன், லக்சபான, பொல்பிட்டிய என்று அத்தனை மின்நிலையத்துக்கும் உழைத்துவிட்டுத்தான் அங்கே வருகிறது.

நான்: கலங்கலில் மீன் கடிக்குமா என்றுதான் யோசிக்கிறேன்.

மாமா: திரும்பிவிடாதே மாப்பிள்ளை. நான் மட்டக்குளியில் இருந்த காலத்தில் இந்த மாதிரி நாளில்தான் நல்ல மீன் பிடித்தேன். ஆற்றுத் தண்ணீர் இலேசு, மேலால் ஓடும். உப்புத் தண்ணீர் கனம், அடியால் உள்ளே ஏறும். மேலே கலங்கல் என்றாலும் அடியில் மீன் நிற்கும். ஈயத்தைக் கனமாகக் கட்டு. கலங்கலும் பச்சையும் முட்டுகிற கோடு தெரிகிறதா? அதன் ஓரமாகப் போடு.

நான்: தெரிகிறது மாமா. நுரையும் குப்பையும் அந்தக் கோட்டில்தான் வரிசையாக மிதக்கின்றன.

அம்மா: தண்ணீருக்குள் இறங்கி நிற்காதே. கதவு திறந்திருந்தால் ஆறு இழுக்கும்.

மாலை 5.35

நான்: இறாலை உரித்து மாட்டிப் போட்டேன். தங்கூசி நூலை விரலில் வைத்திருந்தேன். வெகுநேரம் ஈயம் மண்ணில் உரசுவது மட்டும் தெரிந்தது. அப்புறம் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் இழுத்தேன். கொடுவா மாமா! ஒரு சாண் இருக்கும். கண் வெயிலுக்குச் சிவப்பாக மின்னுகிறது.

மாமா: விட்டுவிடு. கொடுவா ஆணாக இருந்து பிறகுதான் பெண்ணாக மாறும். பெரியதெல்லாம் பெண். ஒரு சாணிலேயே பிடித்தால் முட்டையிட எது மிஞ்சும்? கையை நனைத்துவிட்டுத் தொடு.

நான்: விட்டாச்சு. கையிலேயே இரண்டு தரம் வாயைத் திறந்து மூடியது. வாலால் ஒரு அடி, காணவில்லை.

அக்கா: நல்லது செய்தாய் தம்பி.

மாலை 6.20

நான்: கெளுத்தி ஒன்று. தூண்டிலைக் கழற்றும்போது அதன் முள் பெருவிரலில் குத்திவிட்டது. முழங்கை வரை கடுக்கிறது.

அம்மா: ஐயோ மகன்! மஞ்சள் இருக்கிறதா?

மாமா: அக்கா, இப்போது மஞ்சள் வேண்டாம். அந்த விஷம் சூட்டுக்குத்தான் அடங்கும். மாப்பிள்ளை, பக்கத்துக் கடையில் சுடுதண்ணீர் கேள். மற்றக் கையால் சூடு பார்த்து, பொறுக்கிற சூட்டில் விரலை அமிழ்த்து. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தோல் வெந்துவிடும். ஆற ஆற மாற்று. முள் உடைந்து உள்ளே நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போ. எப்படியும் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கொள்.

சித்தப்பா: தனியாகவா நிற்கிறாய்? யாரையாவது கூப்பிடு.

மாலை 6.55

நான்: தேத்தண்ணிக் கடை ஐயா பேசின் நிறைய ஊற்றித் தந்தார், இரண்டு தரம் மாற்றியும் விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். கடுப்பு இறங்குகிறது. முள் உடையவில்லை. நாளைக் காலையில் ஊசி போட்டுவிடுகிறேன்.

அம்மா: அந்த மனுசன் நன்றாக இருக்கட்டும். விரலைப் படம் எடுத்து அனுப்பு.

நான்: (படம்)

அக்கா: வீங்கித்தான் இருக்கிறது. இங்கே மழை இப்போதுதான் தூறலாகியிருக்கிறது. ஓயா இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது.

மாமா: கெளுத்தியை என்ன செய்தாய்?

நான்: பையில் இருக்கிறது. அறையில் இருக்கிற அண்ணன் கொறுக்காய்ப்புளி போட்டு ஆக்குவார்.

மாமா: முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் முதலில் வெட்டச் சொல். செத்த மீனின் முள்ளும் குத்தும்.