மாருதி 800: வீட்டு வாசலிலேயே ஹெட் கேஸ்கட் மாற்றிய அனுபவம்

சென்னையிலிருந்து:

எங்கள் வீட்டில் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. காலையில் குளிர்ந்த இன்ஜினை இயக்கிய சற்று நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இயக்கியபோது குமிழிகள் விடாமல் வந்தன. (இந்தச் சோதனையை இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும், சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது.) ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடு) போனால் ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் கசடு படியும் என்று பலரும் சொல்வார்கள். எங்கள் வண்டியில் அது துளியும் இல்லை. எரியறைக்கும் நீர்ப்பாதைக்கும் இடையில் மட்டும் கேஸ்கட் வழி விட்டிருந்தால் ஆயில் சுத்தமாகவே இருக்கும் என்பதால், கசடு இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இன்ஜின் ஏன் சூடானது என்பதைத் தேடினேன். கேஸ்கட் தானாகக் கெடுவது அரிது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அலுமினிய ஹெட் வளைகிறது, வளைந்த இடத்தில் பிடிமானம் தளர்ந்து கேஸ்கட் எரிகிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கேஸ்கட்டைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். எங்கள் வண்டி சாலையில் ஓடும்போது சூடாகவில்லை, சிக்னலில் நிற்கும்போதுதான் முள் ஏறியது. சூடு ஏறியதும் விசிறியை இயக்கும் ஃபேன் சுவிட்சின் ஒயரைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுத்ததும் ரேடியேட்டர் விசிறி நன்றாகச் சுழன்றதால், மோட்டாரில் பழுதில்லை, சுவிட்ச்தான் செத்துவிட்டது என்பது தெரிந்தது. போதாக்குறைக்கு, பல ஆண்டுகளாகப் போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்ததால் ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்பு படிந்து கிடந்தது. கேஸ்கட் செட், தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச், வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் ஜி.பி. ரோட்டில் ஒன்றாக வாங்கிவிட்டு, ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தேன்.

கழற்றுவதில் மிகுந்த சிரமம் தந்தவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் துருப்பிடித்த நட்டுகள். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊற விட்டதால் அவை உடையாமல் வந்தன. டைமிங் குறிகளை நேராக்கி நிறுத்திய பிறகே பெல்ட்டை எடுத்தேன். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

ஹெட்டைத் தூக்கியதும் காரணம் கண்ணெதிரே தெரிந்தது. முதல் இரண்டு பிஸ்டன்களின் தலையில் கரி அப்பியிருக்க, மூன்றாவது மட்டும் தேய்த்துக் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தது. உள்ளே கசிந்த தண்ணீர் நீராவியாகி அந்தக் கரியை உரித்து எடுத்திருக்கிறது. கேஸ்கட்டிலும் அதே சிலிண்டரின் வளையத்திலிருந்து பக்கத்து நீர்த்துளை வரை கருகிய தடம் ஓடியது.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்த்தபோது, நடுவில் 0.10 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. இந்த ஒரு வேலையை வீட்டில் செய்ய முடியாது. உப்புத்தாள் தேய்த்து மட்டமாக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்து, தேவையான அளவுக்கு மட்டும் ஃபேசிங் (பரப்பைச் சீவி மட்டமாக்குதல்) செய்து வாங்கினேன்.

பூட்டும்போது சுத்தம்தான் முக்கியம். பழைய கேஸ்கட்டின் துணுக்குகளை உலோகத்தில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். போல்ட் துளைகளுக்குள் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் சிரிஞ்சால் உறிஞ்சி, துணி விட்டுத் துடைத்தேன். அடைபட்ட துளைக்குள் திரவம் நின்றால் போல்ட்டை இறுக்கும்போது அது வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சைக் கொண்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றுகளாக, மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். ஹெட்டைத் தூக்கும்போது ஆயிலில் தண்ணீர் விழாமல் இருக்காது என்பதால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். கூலண்ட்டை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே இயக்கிக் காற்றை வெளியேற்றினேன். விசிறி தானாகச் சுழன்று தானாக நின்ற பிறகே மூடியைப் போட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

விரிவாக எழுதியதற்கு நன்றி, நண்பரே. என்னிடம் இருப்பது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட அம்பாசடர். அதன் ஹெட் வார்ப்பிரும்பு. அலுமினியத்தைப் போல எளிதில் வளையாது, ஆனால் தனி ஆளாகத் தூக்க முடியாத கனம். அதற்குத் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். வால்வுகளை இயக்கும் தண்டுகளான புஷ்ராடுகள் ஒன்றோடொன்று மாறிவிடாமல் இருக்க, அட்டையில் வரிசையாகத் துளையிட்டு எண் எழுதிச் செருகி வைப்பது என் வழக்கம். இந்த இன்ஜினில் புதிய கேஸ்கட் போட்டு வண்டி சிறிது தூரம் ஓடிய பின், ஹெட் நட்டுகளை மறுபடி அதே வரிசையில் இறுக்க வேண்டும். அப்போது ஹெட் இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்காருவதால் டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையில் உள்ள இடைவெளி) குறைந்துவிடும். அதையும் அன்றே சரிசெய்யாவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும்.